பைத்தான் கற்கும் மாணவர்கள் விஎஸ் கோடு நீட்சியைத் தாங்களாகவே நிறுவிக்கொள்ள என்ன செய்யலாம்?

செக்காலை மாலை வகுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடி செக்காலைப் பகுதியில், ஒரு பழைய வீட்டின் முகப்பில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கும் மாலை நேரத்தில் பைத்தான் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பைத்தான் காட்டும் பிழைச்செய்திகளை மாணவர்கள் படிப்பதே இல்லை. சிவப்பு எழுத்தைக் கண்டதும் சாளரத்தை மூடிவிட்டு முதலிலிருந்து தட்டத் தொடங்குகிறார்கள். அதனால், நிரல் எழுதப் பயன்படும் விஎஸ் கோடு தொகுப்பியில் அந்தச் செய்திக்குக் கீழேயே தமிழில் விளக்கமும், எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பும் காட்டும் சிறிய நீட்சி ஒன்றை எழுதியிருக்கிறேன். வகுப்பில் என் கணினியில் காட்டும்போது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. வீட்டுக்குப் போய் நிறுவிக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலோர் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

இப்போதுள்ள முறை இதுதான். பைத்தானை நிறுவும்போது, கணினி நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத்தில் சேர்ப்பதற்கான கட்டத்தில் குறியிட வேண்டும். பிறகு கட்டளைகளைத் தட்டும் முனையத்தைத் திறந்து, தொகுப்புகளை நிறுவும் பிப் கருவி வழியாக, நீட்சி அழைக்கும் என் துணை நிரலையும் அது சார்ந்திருக்கும் மற்றொரு தொகுப்பையும் இறக்க வேண்டும். அதன் பின் நீட்சியை நிறுவி, அமைப்புகளுக்குள் சென்று பைத்தான் இருக்கும் இடத்தின் முழு முகவரியையும் கையால் எழுத வேண்டும். பாத்துக்கான அந்தக் கட்டம் தொடக்கத்தில் குறியிடப்படாமல்தான் இருக்கும் என்பதால் பலர் அதைக் கவனிப்பதில்லை. அப்படி விட்டவர்கள் முனையத்தில் பைத்தான் என்று தட்டினால் விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது. அங்கிருந்து இரண்டாவது பைத்தான் ஒன்றை இறக்கிவிடுகிறார்கள். பிப் ஒரு பைத்தானில் தொகுப்பைப் போட, தொகுப்பி மற்றொன்றை இயக்க, நீட்சி ஒன்றும் சொல்லாமல் அமைதியாக இருக்கிறது.

இணையமும் ஒரு சிக்கல்தான். புதுவயல், கண்டனூர், பள்ளத்தூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் பிள்ளைகளில் பலருக்குக் கைபேசி ஹாட்ஸ்பாட் மட்டுமே உண்டு. நம் வீடுகளின் தடித்த சுவர்களுக்குள் அதுவும் வராது, வளவுக்கு (நடு முற்றத்துக்கு) வந்து உட்கார்ந்தால்தான் கிடைக்கும். மடிக்கணினிகளில் சில, அண்ணனோ அக்காளோ அரசுத் திட்டத்தில் பெற்ற விலையில்லா மடிக்கணினிகள். அவற்றில் விண்டோஸ் 7 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

படங்களுடன் விரிவான வழிகாட்டி ஒன்றை எழுதலாமா, காணொளி எடுக்கலாமா, அல்லது நீட்சியையே மாற்ற வேண்டுமா என்பதில் எனக்குத் தெளிவு வேண்டும்.

---

பள்ளத்தூரான் மறுமொழி:

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நான் சென்னையில் மென்பொருள் வேலை பார்ப்பவன்; நீட்சி எழுதிய அனுபவம் கொஞ்சம் உண்டு. வழிகாட்டியும் வேண்டாம், காணொளியும் வேண்டாம் என்பதே என் கருத்து. வழிகாட்டியில் நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு படியும் நிரலே செய்துகொள்ளக்கூடிய வேலை. அதை மாணவர் தலையில் ஏற்றிவிட்டு, பிறகு அவர் சரியாகச் செய்யவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

முதலில் பிப் படியை அடியோடு எடுத்துவிடுங்கள். உங்கள் துணை நிரலும் அது சார்ந்த தொகுப்பும் முழுக்கப் பைத்தானிலேயே எழுதப்பட்டவை என்றால், இரண்டையும் நீட்சியின் கோப்புறைக்குள் ஒரு துணைக்கோப்புறையாக வைத்து, நீட்சியை நிறுவுவதற்கான விஎஸ்ஐஎக்ஸ் கோப்புக்குள்ளேயே அடைத்துவிடலாம். பிப் கட்டளைக்கே ஓர் இலக்குக் கோப்புறையைச் சொல்லும் வசதி இருக்கிறது. வெளியீட்டைக் கட்டும்போது நீங்கள் ஒருமுறை அதைச் செய்தால் போதும். நீட்சி இயங்கும்போது மாணவரிடம் ஏற்கெனவே இருக்கும் பைத்தானை அழைத்து, அந்தக் கோப்புறையைத் தேடல் பாதையில் முன்னால் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. மைக்ரோசாஃப்ட் வெளியிடும் பைலிண்ட், பிளாக் நீட்சிகளும் தமக்கு வேண்டிய கருவியை இப்படித்தான் உள்ளேயே வைத்து வருகின்றன. நம் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணுக்குச் சாமான் பரப்பும்போது கரண்டி, அரிவாள்மனை வரை வைத்து அனுப்புவதைப் போல, நீட்சியும் தனக்கு வேண்டியதைத் தானே கொண்டு போக வேண்டும். புகுந்த வீட்டில் இரவல் கேட்கக் கூடாது.

அந்தத் தொகுப்புகளில் சி மொழியில் எழுதித் தொகுக்கப்பட்ட பகுதி ஏதேனும் இருந்தால் மட்டும் இந்த வழி உதவாது. அப்போது விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று எனத் தனித்தனியாக விஎஸ்ஐஎக்ஸ் கட்ட வேண்டியிருக்கும். விஎஸ் கோடு 2021-ஆம் ஆண்டின் 1.61 பதிப்பிலிருந்து அதை ஏற்கிறது. பைஇன்ஸ்டாலர் கொண்டு எல்லாவற்றையும் ஒரே இயங்குகோப்பாக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எந்த இயங்குதளத்துக்கு வேண்டுமோ அதிலேயே உட்கார்ந்து கட்ட வேண்டும், கோப்பின் அளவு பெருகும், ஒரே கோப்பாகக் கட்டினால் ஒவ்வொரு முறையும் தற்காலிக இடத்தில் விரித்துக்கொண்டு மெதுவாகத் தொடங்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, சில வைரஸ் தடுப்பு நிரல்கள் அதைக் காரணமின்றிச் சந்தேகித்துத் தடுத்துவிடும். முதல் நாளே "ஆபத்தான கோப்பு" என்ற எச்சரிக்கையைப் பார்க்கும் மாணவர் அதன் பிறகு உங்கள் பக்கமே வர மாட்டார்.

அடுத்தது பைத்தானைக் கண்டுபிடிப்பது. முகவரியைக் கையால் எழுதச் சொல்லவே கூடாது. விண்டோஸில் பைத்தான் 3.3 முதல் பிஒய் என்ற சிறிய ஏவு நிரல் கூடவே வருகிறது, பைத்தான்.ஆர்க் தளத்திலிருந்து வழக்கமான முறையில் நிறுவியவர்களிடம், பாத் கட்டத்தில் குறியிட மறந்திருந்தாலும் பெரும்பாலும் இது வேலை செய்யும். ஆகவே நீட்சி முதலில் மாணவர் தொகுப்பியில் தேர்ந்தெடுத்திருக்கும் பைத்தானைக் கேட்க வேண்டும். அது இல்லையென்றால் பிஒய் நிரலை 3-ஆம் பதிப்புக்கான குறியுடன் அழைக்க வேண்டும். அதுவும் இல்லாதபோதுதான் பைத்தான் என்ற பெயரை முயல வேண்டும். கடைசி முயற்சி 9009 என்ற வெளியேற்ற எண்ணுடன் திரும்பினால், அங்கே இருப்பது பைத்தான் இல்லை, ஸ்டோருக்கு அழைத்துச் செல்லும் பொய்க்கதவு என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

இந்த அழைப்பை ஒரே சரமாக ஒட்டி, கட்டளை வரியைப் பிரித்து இயக்கும் ஷெல்லிடம் கொடுக்காதீர்கள். விண்டோஸ் பயனர் பெயரில் இடைவெளி இருந்தால், அதாவது பெயரும் இனிஷியலுமாக வைத்திருந்தால், முகவரி அந்த இடத்திலேயே முறிந்துவிடும். நீட்சி இயங்கும் நோட் தளத்தில் நிரலின் பெயரையும் அதற்கான மதிப்புகளையும் தனித்தனியாகக் கொடுக்கும் முறை இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

விண்டோஸ் 7 பற்றி: அதில் இயங்கும் கடைசி விஎஸ் கோடு 1.70 வரிசையைச் சேர்ந்தது. விண்டோஸ் 8-க்கு 1.79. நீட்சியின் விவரங்களைச் சொல்லும் உங்கள் பேக்கேஜ்.ஜேசன் கோப்பில் குறைந்தபட்சத் தொகுப்பிப் பதிப்பு எனக் குறித்திருக்கும் எண் 1.70-ஐவிட உயர்ந்ததாக இருந்தால் அந்தக் கணினிகள் நீட்சியை ஏற்கவே ஏற்காது. மாதிரித் திட்டத்தை உருவாக்கும் கருவி அன்றைய புதிய பதிப்பையே அங்கே எழுதிவிடும். பலர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 1.70 என்று குறைத்துவிடுங்கள், நீட்சி எழுதப் பயன்படும் விஎஸ் கோடு வகை விளக்கத் தொகுப்பையும் அதே பதிப்புக்குக் குறைத்துவிடுங்கள். ஒரு நுணுக்கம் உண்டு: 1.74 பதிப்பிலிருந்து நீட்சியின் கட்டளைகளுக்குத் தனியாகத் தொடக்க நிகழ்வு (நீட்சியை எப்போது எழுப்புவது என்ற குறிப்பு) எழுத வேண்டியதில்லை, அதற்கு முந்தைய பதிப்புகளுக்கு எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் உங்கள் கணினியில் ஓடும், அந்தப் பழைய மடிக்கணினியில் கட்டளை இல்லை என்று சொல்லும்.

---

தேவகோட்டைக் கணினி ஆசிரியை மறுமொழி:

தம்பி இருவருக்கும் வணக்கம். பள்ளத்தூர்த் தம்பி சொன்ன தொழில்நுட்பச் செய்திகளில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் எல்லாப் படிகளையும் மறைத்துவிட வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பாத் என்றால் என்ன, பிப் எங்கே எதைப் போடுகிறது என்பவை மாணவர்கள் என்றாவது ஒருநாள் தெரிந்துகொள்ள வேண்டியவை. செய்முறைத் தேர்வுக் கூடத்தில் இந்த நீட்சி இருக்கப்போவதில்லை. அங்கே ஆங்கிலப் பிழைச்செய்தி மட்டுமே வரும். ஆதலால் தமிழ் விளக்கம் மூலச் செய்தியை மறைக்காமல் அதற்குக் கீழேயே வர வேண்டும். நீங்கள் அப்படித்தான் செய்திருக்கிறீர்கள் என்பதைப் பார்த்தேன். அதை எக்காரணம் கொண்டும் மாற்றிவிடாதீர்கள்.

இனி, பள்ளி ஆய்வகத்தில் நான் தினமும் பார்க்கும் சில நிலைமைகளைச் சொல்கிறேன். எங்கள் கணினிகளில் இணையம் பல நேரங்களில் இருப்பதில்லை, மாணவர் கணக்குக்கு நிர்வாகி உரிமையும் கிடையாது. விஎஸ் கோடு நீட்சிகள் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் அமர்வதால் உரிமை கேட்பதில்லை என்பது ஒரு நிம்மதி. விஎஸ்ஐஎக்ஸ் கோப்பைப் பென்டிரைவில் கொண்டு வந்து, நீட்சிகள் பகுதியின் மேலே உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி அங்கிருந்து நிறுவுவதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்துவிடும். ஆனால் உங்கள் நீட்சி மைக்ரோசாஃப்டின் பைத்தான் நீட்சியைக் கட்டாயச் சார்பாக அறிவித்திருந்தால், பென்டிரைவிலிருந்து நிறுவும்போதும் அது இணையத்தைத் தேடும். கிடைக்காவிட்டால் முழு நிறுவலும் தடைப்படும். கட்டாயம் என்பதை எடுத்துவிட்டு, இருந்தால் பயன்படுத்திக்கொள், இல்லையென்றால் நீயே தேடிக்கொள் என்ற முறையில் அமையுங்கள்.

மற்றொன்று, கோப்புறையைத் திறந்தவுடன் இதை எழுதியவர்களை நம்புகிறீர்களா என்று தொகுப்பி கேட்கும் கேள்வி. 2021-ஆம் ஆண்டின் 1.57 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. நம் பிள்ளைகள் பயந்துபோய் இல்லை என்பதையே சொடுக்குகிறார்கள். நல்ல பழக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். அந்தக் கணத்திலிருந்து உங்கள் நீட்சி முடங்கிவிடும், ஏன் முடங்கியது என்று அவர்களுக்குத் தெரியாது. நம்பிக்கை அளிக்கப்படாத கோப்புறையில் நீட்சி எந்த அளவுக்கு இயங்கலாம் என்பதைப் பேக்கேஜ்.ஜேசன் கோப்பிலேயே அறிவிக்க முடியும். மாணவர் நிரலை இயக்காமல், ஏற்கெனவே வந்த செய்தியை மட்டும் விளக்கும் பகுதியை அங்கும் அனுமதிக்கலாம். இயக்கும் பகுதியை நிறுத்திவைத்து, காரணத்தை ஒரு வரியில் தமிழில் சொல்லலாம்.

இன்னொரு செய்தியும் உங்கள் கவனத்துக்கு உரியது. விண்டோஸ் 7-இல் பைத்தான் 3.8-க்கு மேல் நிறுவ முடியாது. பிழைச்செய்திகள் பெரிதும் திருத்தப்பட்டதோ 3.10 பதிப்பில். நிபந்தனை வரியின் முடிவில் முக்காற்புள்ளியை விட்டுவிட்டால் புதிய பைத்தான் அதைப் பெயர் சொல்லிக் கேட்கும். பழையது தொடரமைப்பு சரியில்லை என்று மட்டும் சொல்லும். அடைப்புக்குறியை மூடாவிட்டால் புதியது திறந்த இடத்தைக் காட்டும்; பழையது கோப்பு திடீரென முடிந்துவிட்டது என்று கடைசி வரியைக் காட்டும். எனவே விளக்கம் மிகவும் தேவைப்படுவது பழைய மடிக்கணினி வைத்திருக்கும் பிள்ளைக்குத்தான். உங்கள் நிரல் 3.8-இல் ஓடுகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

---

கோட்டையூர் லினக்ஸ் பயனர் மறுமொழி:

விண்டோஸ் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் லினக்ஸ் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெபியன் 12, உபுண்டு 23.04 ஆகியவற்றிலிருந்து, கணினியோடு வரும் பைத்தானில் பிப் மூலம் தொகுப்பு நிறுவ முயன்றால், இந்தச் சூழலை வேறொரு கருவி நிர்வகிக்கிறது என்று கூறி மறுத்துவிடும். எனவே பிப் படியை எடுத்துவிடுவது எங்களுக்கும் நல்லதே. நிரலின் பெயர் இங்கே பைத்தான்3 என்றுதான் இருக்கும், வெறும் பைத்தான் என்ற பெயர் பல கணினிகளில் இருக்காது. தேடும் வரிசையில் அதையும் சேருங்கள்.

விஎஸ் கோடின் திறந்த மூல வடிவமான விஎஸ்கோடியம் பயன்படுத்துபவர்கள் மைக்ரோசாஃப்ட் சந்தையைப் பார்ப்பதில்லை. எக்லிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ஓப்பன் விஎஸ்எக்ஸ் பதிவகத்திலிருந்துதான் நீட்சிகளைப் பெறுகிறார்கள். அங்கும் பதிவேற்றுங்கள், கட்டிய அதே கோப்பு போதும்.

---

செக்காலை மாலை வகுப்பு மறுமொழி:

மூவருக்கும் நன்றி. துணை நிரலையும் அது சார்ந்த தொகுப்பையும் பார்த்தேன். இரண்டும் முழுக்கப் பைத்தானில் எழுதப்பட்டவையே. உள்ளேயே அடைத்து ஒரு சோதனைக் கோப்பைக் கட்டினேன், அளவு கூடியதே தெரியவில்லை. கட்டாயச் சார்பை எடுத்துவிட்டேன். 3.8-இல் ஓடுவதற்கு வகைக் குறிப்புகளில் மட்டும் சில மாற்றங்கள் தேவைப்பட்டன.

ஆனால் எதிர்பாராத ஒன்று நடக்கிறது. முனையத்தில் துணை நிரலைத் தனியாக இயக்கினால் தமிழ் விளக்கம் அழகாக வருகிறது. அதே நிரலை நீட்சி அழைக்கும்போது, விண்டோஸில் மட்டும், எழுத்தை மாற்ற முடியவில்லை என்ற குறியாக்கப் பிழையுடன் நின்றுவிடுகிறது. நீட்சியில் நான் வேறெதையும் மாற்றவில்லை.

---

பள்ளத்தூரான் மறுமொழி:

அது தமிழில் எழுதும் எல்லோரும் ஒருமுறை முட்டிக்கொள்ளும் இடம், அண்ணே. 3.6 பதிப்பிலிருந்து விண்டோஸ் முனையத்துக்கு எழுதும்போது பைத்தான் யூனிகோடை நேரடியாகக் கையாள்கிறது. வெளியீடு முனையத்துக்குப் போகாமல் வேறொரு நிரலுக்குக் குழாய் வழியாகப் போகும்போது மட்டும் கணினியின் பழைய குறிமுறைப் பக்கத்தை (எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணையை) எடுத்துக்கொள்கிறது. ஆங்கில அமைப்பில் இருக்கும் கணினிகளில் அது பெரும்பாலும் 1252. அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. நீட்சி பைத்தானை அழைக்கும் இடத்தில், நிரலுக்கு அமைப்புகளைச் சொல்லும் சூழல் மாறிகளில் பைத்தான்ஐஓஎன்கோடிங் என்பதற்கு, தமிழையும் ஏற்கும் குறியாக்கமான யூடிஎஃப்-8 என்ற மதிப்பைக் கொடுத்துவிடுங்கள். நீட்சி அழைக்கும் அந்த ஓர் இயக்கத்துக்கு மட்டுமே அது பொருந்தும். மாணவரின் கணினியில் வேறெதுவும் மாறாது. வெளியீட்டைப் படிக்கும் பக்கத்திலும் யூடிஎஃப்-8 என்றே வைத்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை உங்கள் கணினியில் மட்டும் சோதித்துவிட்டு வெளியிடாதீர்கள். விண்டோஸில் புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறந்து, பெயரில் இடைவெளியும் ஒரு தமிழ்ச் சொல்லும் வரும்படி வைத்து, பாத் கட்டத்தில் குறியிடாமல் பைத்தானை நிறுவி, இணையத்தைத் துண்டித்துவிட்டுச் சோதியுங்கள். அதில் ஓடினால் கானாடுகாத்தானிலும் ஓடும், கனடாவிலும் ஓடும்.

---

செக்காலை மாலை வகுப்பு மறுமொழி:

சூழல் மாறியைச் சேர்த்ததும் விளக்கம் வந்துவிட்டது. புதிய கணக்கில் செய்த சோதனையும் சரியாக இருக்கிறது.

எஞ்சியிருப்பது ஒன்றுதான்: கணினியில் பைத்தானே இல்லாதபோது நீட்சி என்ன செய்ய வேண்டும்? நீட்சியே பைத்தானை இறக்கித் தரலாம் என்று முதலில் நினைத்தேன். ஹாட்ஸ்பாட்டில் இருக்கும் பிள்ளையின் அன்றைய தரவு அளவைக் கேட்காமல் தீர்த்துவிடுவோமோ என்ற அச்சத்தில் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். இப்போது இந்தச் செய்தியை மட்டும் காட்டுகிறேன்: "பைத்தான் மொழிபெயர்ப்பி கண்டறியப்படவில்லை. தகுந்த பதிப்பை நிறுவி, பாதையைச் சரிபார்த்து, மீண்டும் முயலவும்." இது போதுமா?

---

தேவகோட்டைக் கணினி ஆசிரியை மறுமொழி:

போதாது தம்பி. தகுந்த பதிப்பு எது, எந்தப் பாதை, எங்கே போய்ச் சரிபார்ப்பது என்று மூன்று கேள்விகளை அந்தச் செய்தியே எழுப்புகிறது. அவற்றுக்கு விடை தெரிந்த பிள்ளைக்கு இந்தச் செய்தியே தேவைப்பட்டிருக்காது. அந்தக் கணினியின் விண்டோஸ் எது என்பதை நீட்சியால் தெரிந்துகொள்ள முடியும். எனவே பதிப்பைத் தெரிவு செய்யும் பொறுப்பைப் பிள்ளையிடம் விடாதீர்கள். விண்டோஸ் 7 கணினியென்றால் நான் இப்படி எழுதுவேன்: "இந்தக் கணினியில் பைத்தான் இல்லை. உங்கள் விண்டோஸுக்கு ஏற்றது பைத்தான் 3.8. கீழே உள்ள பொத்தானை அழுத்தினால் அதன் பக்கம் திறக்கும். ஆசிரியரின் பென்டிரைவில் கோப்பு இருந்தால், இரண்டாவது பொத்தானை அழுத்தி அதைக் காட்டுங்கள்." நிறுவி முடித்துத் தொகுப்பிக்குத் திரும்பியதும் நீட்சி தானாகவே மறுபடி தேடிப் பார்க்கட்டும், தொகுப்பியை மூடித் திறக்கும்படி சொன்னால் பாதிப் பேர் சாளரத்தைச் சிறிதாக்கிவிட்டு மூடியதாக நினைத்துக்கொள்வார்கள்.

விரிவான விளக்கம் வேண்டுமென்றால், நீட்சி நிறுவப்பட்டதும் தானாகத் திறக்கும் அறிமுகப் பக்கம் ஒன்றை விஎஸ் கோடிலேயே அமைக்க முடியும். அதில் வேண்டுமென்றே முக்காற்புள்ளி விடுபட்ட மூன்று வரி நிரல் ஒன்றை வைத்து, அதை இயக்கும் பொத்தானையும் கொடுங்கள். தமிழ் விளக்கம் வந்தால் எல்லாம் சரியாக அமைந்துவிட்டது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். பாத் பற்றிய பாடத்தை அதற்கடுத்த வாரம் நானே எங்கள் வகுப்பில் நடத்திக்கொள்கிறேன்.

கோப்பை இங்கே ஏற்றியவுடன் சொல்லுங்கள். எங்கள் ஆய்வகத்தில் விண்டோஸ் 7 கணினி ஒன்று இருக்கிறது, அதில் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

---

கோட்டையூர் லினக்ஸ் பயனர் மறுமொழி:

டெபியன் 12-இலும் விஎஸ்கோடியத்திலும் சோதிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். நிறுவும்போது வரும் பதிவுகளை எழுத்துக் கோப்பாகச் சேமிக்கும் கட்டளை ஒன்றையும் நீட்சியில் சேர்த்துவிட்டால், சிக்கல் வந்தவர்கள் திரையைப் படம் பிடித்து அனுப்பாமல் அந்தக் கோப்பையே அனுப்பலாம். அதில் பயனர் பெயர் வரும் இடங்களை மட்டும் நீக்கிவிடுங்கள்.